இரண்டாவது ஒலித்தடம்

அந்த வருடம் எங்கு தேடியும் ஹார்ட் டிஸ்க் கிடைக்கவில்லை. இலங்கை முழுக்கப் பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற வருடம் அது. இறக்குமதி நின்று போயிருந்தது. கல்முனையில் நான் வழக்கமாக வாங்கும் கடையின் முதலாளி கண்ணாடி அலுமாரியைத் திறந்து காட்டி, "இதுக்குள்ள தூசி மட்டுந்தான் மிச்சம்" என்றார்.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். நிந்தவூரில் பிரதான வீதியோரம், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் என் ஸ்டூடியோ இருக்கிறது. அப்போது என்னிடம் பத்தொன்பது டிஸ்க்குகள் இருந்தன, பத்தொன்பதும் நிறைந்திருந்தன. எங்கள் தொழிலில் பலர், வெட்டி ஒட்டி முடித்த வீடியோவை வீட்டாரிடம் கொடுத்ததும் கமெராவிலிருந்து வந்த மூலக் கோப்புகளை அழித்துவிடுவார்கள். நான் அழிப்பதில்லை. சுனாமி வந்து போன மாதங்களில் நான் இன்னொருவரின் ஸ்டூடியோவில் வேலை செய்துகொண்டிருந்தேன். கரையோரத்தில் வீட்டை இழந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, மகளின் கல்யாணக் கசட் இருக்கிறதா, மகனின் சுன்னத்துக் கசட் இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்த முதலாளியிடம் எதுவும் இருக்கவில்லை. பழைய கசட்டுகளுக்கு மேலேயே புதிய கல்யாணங்களைப் பதிந்திருந்தார். இல்லை என்று சொல்லி அனுப்புகிற வேலை என்னுடையது. பிறகு சொந்தமாகக் கமெரா வாங்கிய நாளில், எடுத்த எதையும் அழிப்பதில்லை என்று மனதுக்குள் உறுதியாக நிய்யத்து வைத்துக்கொண்டேன்.

டிஸ்க் கிடைக்காதபோது வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. அதே வீடியோவைப் புதிய வடிவத்துக்கு மாற்றினால் கோப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். படம் கண்ணுக்கு அப்படியேதான் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை இறக்கி, பழைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த வேலையைத் தொடங்கினேன். ஒரு கல்யாணத்தைச் சுருக்கக் கொம்பியூட்டருக்கு ஐந்தாறு மணித்தியாலம் பிடித்தது. அதற்கிடையில் மின்வெட்டு. அரைவாசியில் கரண்ட் போனால் அந்தக் கோப்பு எதற்கும் உதவாது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மின்வெட்டு அட்டவணையைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்து, அதற்கேற்ப வேலையை ஒழுங்கு செய்தேன்.

ஒவ்வொன்றும் முடிந்ததும் சோதித்துப் பார்ப்பேன். தொடக்கத்தில் ஒரு நிமிடம், நடுவில் ஒரு நிமிடம், முடிவில் ஒரு நிமிடம். மணமகளின் கையில் மருதோன்றிக் கோடுகள் கலங்காமல் இருக்கின்றனவா, மாப்பிள்ளையின் தொப்பியில் சரிகை நூல் தனித்தனியாகத் தெரிகிறதா என்று முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். சத்தமும் வரும். அதன் பிறகு பெரிய மூலக் கோப்பை அழிப்பேன். எடுத்த எதையும் அழிப்பதில்லை என்ற நிய்யத்தை மீறுவதாக எனக்குத் தோன்றவில்லை. அதே படம்தானே இருக்கிறது, இடம் மட்டுந்தானே குறைந்திருக்கிறது என்று நினைத்தேன். நான்கு மாதத்தில் பத்தொன்பது டிஸ்க்குகள் ஏழாயின. மிச்சமான பன்னிரண்டில் புதிய கல்யாணங்களைப் பதியத் தொடங்கினேன். அந்தக் கஷ்டமான வருடத்தில் நான் கெட்டித்தனமாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று வீட்டிலும் சொன்னேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகலில், ஒரு பெண்ணும் அவளுடைய கணவரும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். எட்டு வருடங்களுக்கு முன்பு அவர்களுடைய கல்யாணத்தை நான்தான் எடுத்திருந்தேன். முகம் மறந்து போயிருந்தது. பெண்ணின் தகப்பனை, அவளுடைய வாப்பாவைச் சொன்னதும் நினைவு வந்தது. எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் திறந்துவிடும் வட்டவிதானையாக நெடுங்காலம் இருந்தவர் அவர். வாய்க்கால் கட்டில் நின்று அவர் கூப்பிட்டால் நாலு வயல் தள்ளி நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். அப்படி ஒரு குரல்.

"காக்கா," என்று அண்ணன் முறை சொல்லித் தொடங்கினாள் அந்தப் பெண், "எங்கட கலியாண வீடியோவில நிக்காஹ் நடக்கிற இடத்தில பாட்டுத்தான் கேக்குது. பாட்டு இல்லாதது உங்கக்கிட்ட இரிக்கா?"

"என்னத்துக்கு தங்கச்சி?"

"வாப்பாட குரல் வேணும்."

மிச்சத்தை அவளுடைய கணவர் சொன்னார். போன வருடம் வாப்பாவின் தொண்டையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கொழும்பில் ஒப்பரேஷன் செய்து குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துவாரம், அதனால்தான் மூச்சு. பேச முடியாது.

"போன்ல ஒண்டும் இல்லயா? வொய்ஸ் மெசேஜ் எதும்?" என்று கேட்டேன். இந்தக் காலத்தில் எல்லோருடைய குரலும் யாராவது ஒருவரின் போனில் கிடக்கும்.

"வாப்பாக்கிட்ட பட்டன் போன்தான். ஒரே வளவுக்குள்ள இரிக்கிற மனிசன் எனக்கு என்னத்துக்கு வொய்ஸ் அனுப்புற? புள்ளயப் புடிச்ச ஒரு வீடியோவில பின்னுக்கு இருமுறார். அவ்வளவுதான்." பிறகு சொன்னாள்: "ஒப்பரேசனுக்கு முதல் எதாவது கதைங்க, பதிஞ்சி வைப்பம் எண்டு கேட்டன். அப்பவே குரல் அடைச்சி, காத்துத்தான் வந்துக்கிட்டு இருந்திச்சு. இது என்ட குரல் இல்ல, இதப் பதியாதீங்க எண்டுட்டார்."

எங்கள் பக்கத்தில் நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும். ஆண்கள் மட்டும் இருப்பார்கள். பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்ல, மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லுவார். அந்த நேரம் பெண் வீட்டில் உடுத்து முடித்துக் காத்திருப்பாள். தன்னை வைத்துச் சொல்லப்படும் அந்த வார்த்தைகளை அவள் கேட்பதில்லை. இந்தப் பெண்ணும் கேட்கவில்லை. நான் கொடுத்த வீடியோவில் கேட்டிருக்கலாம். அதில் நான் பாட்டைப் போட்டு மூடிவிட்டேன். அப்போது எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். அதோடு, அவளுடைய வாப்பா நடுவில் தடுமாறி ஒரு வசனத்தைத் திரும்பச் சொன்னதாகவும், அது வீடியோவுக்கு அழகில்லை என்று நான் முடிவெடுத்ததாகவும் மங்கலாக நினைவு வந்தது.

"கவலப்படாதீங்க தங்கச்சி. எல்லாம் இரிக்கி. நான் ஒண்டையும் அழிக்கிறல்ல" என்றேன்.

அந்த வார்த்தைகளை எவ்வளவு பெருமையோடு சொன்னேன் என்பது இப்போதும் எனக்குத் தெரியும்.

இரண்டு கதிரைகளை இழுத்துப்போட்டு அவர்களை உட்கார வைத்தேன். டிஸ்க்கைச் செருகி, கோப்பைத் தேடித் திறந்தேன். பள்ளிவாசலின் உள்பக்கம் வந்தது. பாயில் மாப்பிள்ளையும் அவளுடைய வாப்பாவும் எதிரெதிரே இருக்கிறார்கள். கைகள் கோத்திருக்கின்றன. படம் தெளிவு, வாப்பாவின் தாடியில் நரை ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அவர் வாயைத் திறந்தார். மின்விசிறிகள் சுழலும் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெளியே ஒரு முச்சக்கர வண்டி போனது. வாப்பாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. நாலு வயல் தள்ளிக் கேட்கும் குரல் அன்று பள்ளிவாசலுக்குள் தணிந்திருந்தது; ஒரு சொல்லும் விளங்கவில்லை.

சத்தத்தைக் கூட்டினேன். விசிறிச் சத்தம் கூடியது.

அப்போதும் நான் பதறவில்லை. அந்நாளில் நான் வைத்திருந்த கமெரா ஒலியை இரண்டு தனித்தனித் தடங்களாகப் பதியும். முதலாவது, கமெராவின் தலையில் உள்ள மைக். சபையின் சத்தம் எல்லாம் அதில் வரும். இரண்டாவது, பெண்ணின் வாப்பாவின் சட்டையில் நான் குத்தி விடும் சின்ன மைக். வீடியோவைச் சும்மா திறந்தால் முதல் தடம்தான் கேட்கும். இரண்டாவதை நாம்தான் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்யப் போனேன். அங்கே ஒரு தடம்தான் இருந்தது.

கோப்பை மூடித் திறந்தேன். அடுத்த கோப்பைப் பார்த்தேன். அதிலும் ஒன்றுதான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுருக்குகிற மென்பொருள், நாம் குறிப்பாகச் சொல்லாவிட்டால் முதல் தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். நான் சொல்லவில்லை. சோதித்தபோது சத்தம் வந்தது. எந்தச் சத்தம் என்று கவனிக்கவில்லை. மருதோன்றிக் கோடுகளை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவன் ஒரு தடவையாவது காதைக் கொடுத்துக் கேட்கவில்லை.

"என்ன காக்கா?" என்றாள்.

நான் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி சொன்னேன்: "மைக்கில ஏதோ பிழை போல தங்கச்சி. அண்டைக்குச் சரியாப் பதிஞ்சில்ல."

திரையில் துஆ ஓதத் தொடங்கியிருந்தார்கள்.

"பரவால்ல காக்கா," என்று அவள் எழுந்தாள். "நீங்க என்ன செய்யிற. அல்லாட நாட்டம்." படியால் இறங்கும்போது அவளுடைய கணவர் திரும்பி, சிரமம் தந்ததற்கு மன்னிக்கச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு நான் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். வீடியோவில் பார்த்த அதே விசிறிகள்தான் மேலே சுழன்றன. தொழுகையில் மனம் நிற்கவில்லை.

அடுத்து வந்த பத்து நாட்கள் கோப்பை மீட்கப் பாடுபட்டேன். அழித்த கோப்புகளைத் தோண்டி எடுக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. அந்தக் கல்யாணம் முன்பு இருந்த டிஸ்க்கைத் தேடி எடுத்து, அதற்குள் ஓட விட்டேன். மேலே பதியப்பட்ட வேறு கல்யாணங்களின் துண்டுகள்தான் வந்தன. யாரோ ஒரு பெண் மேடையில் சிரிக்கிறாள். யாரோ சோறு பரிமாறுகிறார்கள். கொழும்பில் இந்த வேலை செய்யும் ஒருவரிடம் போனில் கேட்டேன். மேலே எத்தனை தரம் பதிந்திருக்கிறது என்று கேட்டார். இரண்டு தரம் இருக்கும் என்றேன். டிஸ்க்கை அனுப்ப வேண்டாம், வீண்வேலை என்றார். பதிந்த மெமரி கார்ட் எப்போதோ பழுதாகி எறிந்தாயிற்று. வெட்டி ஒட்டிய வீடியோவில் பாட்டுக்குக் கீழே குரல் இருக்குமா என்று பார்த்தேன். இல்லை. அந்த இடத்தில் குரலை முழுதாக அடைத்துவிட்டுத்தான் பாட்டை வைத்திருந்தேன்.

என் மனைவி நான் சாப்பிடாமல் எழும்புவதைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு பகல் சோற்றுப் பீங்கானை எனக்கு முன்னால் வைத்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். முழுதையும் கேட்டுவிட்டு, "குரல் போனது உங்கட கவனக் குறைவு. அதுக்குப் பொய் சொன்னது என்னத்துக்கு?" என்றாள்.

"உண்மையச் சொன்னாலும் குரல் வரப் போறல்லயே."

"அந்தப் புள்ள அத அல்லாட நாட்டம் எண்டு நெனச்சிக்கிட்டு இரிக்கி. நீங்க செஞ்சத அல்லாஹ்வுக்கு மேல போட்டுட்டு வந்திரிக்கீங்க."

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு லப்டொப்பையும் அந்த டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்குப் போனேன்.

வயல் தொடங்கும் பக்கத்தில் வீடு. எங்கள் வழக்கப்படி வாப்பா மகளுக்கென்று கட்டிக்கொடுத்தது. மனைவி மௌத்தாகித் தனியான பிறகு அவரும் அதிலேயே இருந்தார். முற்றத்து மாமரத்தின் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். கழுத்தை மறைத்து மெல்லிய வெள்ளைத் துணி. மடியில் ஒரு கொப்பியும் பேனையும். மிகவும் மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தி, உள்ளே பார்த்துக் கதிரையின் கையில் இரண்டு தட்டுத் தட்டினார். மகளும் மருமகனும் வெளியே வந்தார்கள்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் போலிருந்தது. மைக்கில் பிழை இல்லை, அன்று குரல் நன்றாகப் பதிந்திருந்தது, இடம் மிச்சம் பிடிக்கக் கோப்பைச் சுருக்கியபோது நான்தான் கவனிக்காமல் அழித்துவிட்டேன், அன்று ஸ்டூடியோவில் சொன்னது பொய். இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப இருந்திச்சா?" என்றாள்.

"ஓம் தங்கச்சி."

"மூணு வருசத்துக்கு முதல் வந்து கேட்டிருந்தா இருந்திருக்கும்?"

"ஓம்."

"அண்டைக்கு ஏன் பொய் சொன்னீங்க? நான் வீட்ட வந்து வாப்பாக்கிட்டச் சொன்னன், மைக் வேல செய்யல்லயாம், உங்கட குரல் பதியவே இல்லயாம் எண்டு. வாப்பா அழுதார். தெரியுமா உங்களுக்கு? சத்தம் இல்லாம அழுதார்."

"போதும், விடுங்க," என்று கணவர் அவளுடைய தோளைத் தொட்டார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

வாப்பா கொப்பியில் எழுதி என் பக்கம் நீட்டினார். நடுங்கும் பெரிய எழுத்துகள். "படம் கொண்டு வந்தீங்களா தம்பி?"

கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். கதிரையில் தட்டி உட்காரச் சொன்னார். லப்டொப்பை ஒரு ஸ்டூலில் வைத்து, வெளிச்சம் படாமல் என் உடம்பால் மறைத்துக்கொண்டு போட்டேன்.

அவர் முதலில் தன்னைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் இருந்தவர்களை விரலால் ஒவ்வொருவராகத் தொட்டார். இருவரைத் தொட்டபோது விரலை வானத்தை நோக்கிக் காட்டினார், அவர்கள் மௌத்தாகிவிட்டார்கள். பிறகு நிக்காஹ் தொடங்கியது. திரையில் அவருடைய வாய் அசைய, மாமரத்தின் கீழே இருந்தவரின் வாயும் அசைந்தது. ஓதிக்கொடுக்கும் மௌலவிக்குப் பின்னால் தான் சொல்லிய வார்த்தைகளை ஒன்றும் பிசகாமல் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். காற்றுக்கூட வரவில்லை, கழுத்துத் துணி மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. மகள் திரையை விட்டுவிட்டு அவருடைய உதடுகளைப் பார்த்தாள். தன்னுடைய பெயர் வந்த இடத்தை அவள் கண்டுகொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எழும்பிப் போகவும் முடியவில்லை.

திரையில் மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். சபை அல்ஹம்துலில்லாஹ் என்றது. கோத்த கைகளை இன்னும் விடாமல் வாப்பா முன்னால் குனிந்து மாப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார். நான்கைந்து சொற்கள் இருக்கும். பிறகு நிமிர்ந்துகொண்டார்.

மாமரத்தின் கீழே அவருடைய உதடுகள் அசையவில்லை.

"நிப்பாட்டுங்க," என்றாள் மகள். "திரும்பப் போடுங்க."

திரும்பப் போட்டேன். மூன்றாம் முறையும் போட்டேன்.

"வாப்பா, இதில என்ன சொன்னீங்க? எல்லாம் முடிஞ்சாப் போல ஒண்டு சொல்றீங்களே?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனையை எடுத்தார். கொப்பியில் வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டு எழுதினார்: "ஞாபகம் வருகுது இல்ல மகள்."

அவள் கணவரிடம் திரும்பினாள். "உங்களுக்குத்தானே சொன்ன?"

"எனக்கு அண்டைக்குக் காது அடைச்ச மாதிரி. ஏற்றுக்கொண்டன் எண்டு சொன்னதே பெரிய காரியம். அண்டைக்கு நடந்தத எவ்வளவு தரம் யோசிச்சிப் பாத்தும் ஒண்டும் வரல்ல. வாப்பா குனிஞ்சதே இப்பத்தான் தெரியும்."

சபையின் இரைச்சலில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்காது. அந்தச் சொற்களைக் கேட்கக்கூடிய தூரத்தில் அன்று இருந்தது, வாப்பாவின் சட்டையில் குத்தியிருந்த மைக் ஒன்றுதான். எனக்கு இது விளங்கிய அதே நேரத்தில் அவளுக்கும் விளங்கியது.

"காக்கா," என்றாள். குரலில் கோபம் இருக்கவில்லை. "நீங்க வீடியோவ வெட்டக்குள்ள எல்லாத்தயும் கேட்டுத்தானே வெட்டினீங்க?"

"ஓம்."

"காதில ஹெட்போன் போட்டு?"

"ஓம் தங்கச்சி."

"அப்ப நீங்க கேட்டிருப்பீங்க. சொல்லுங்க. வாப்பா என்ன சொன்ன?"

கண்ணை மூடி யோசித்தேன். அந்த வருடம் எத்தனை கல்யாணம், எத்தனை வாப்பாமார், எத்தனை நடுங்கிய குரல்கள். அவருடைய சொற்கள் என் இரண்டு காதுக்குள்ளும் மிக நெருக்கமாக ஒலித்திருக்கும். உலகத்தில் வேறு யாரும் அவற்றை அப்படிக் கேட்டதில்லை. நான் அப்போது எங்கே வெட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தப்படும் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் லப்டொப்பை மூடிப் பையில் வைத்தேன். வாப்பா மருமகனுக்குக் கையைக் காட்ட, அவர் போய்த் தேத்தண்ணீர் கொண்டு வந்தார். கொப்பியில், "குடிச்சிட்டுப் போங்க" என்று எழுதியிருந்தது. அதைக் குடிக்காமல் எழும்பும் உரிமை எனக்கு இல்லை என்று பட்டது. குடித்து முடியும் வரை அவர் என்னோடு இருந்தார். வயல் பக்கமிருந்து வந்த ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று, மேல் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட்டார். வாப்பா எழுதிய தாளைக் கிழித்து மருமகனிடம் கொடுக்க, அவர் அதைக் கொண்டுபோய் வேலிக்கு மேலால் நீட்டினார்.

பிறகு வந்த நாட்களில் அந்தக் கமெராவால் எடுத்த மற்ற வீட்டாரையும் தேடிப் போய்ச் சொன்னேன். அது ஒரு வருடம்தான் என்னிடம் இருந்தது, மொத்தம் பதினாலு வீடு. சிலர் சிரித்தார்கள், இதைச் சொல்லவா அட்டாளைச்சேனைக்கு பஸ் ஏறி வந்தீர்கள், படம் இருக்கிறது, அது போதும் என்றார்கள். காரைதீவில் ஒரு வீட்டில், தாலி கட்டும்போது ஐயர் மந்திரம் சொல்வது போய்விட்டது, ஆனால் நாதஸ்வரமும் மேளமும் முதல் தடத்தில் முழுதாக இருந்தன; அவர்கள் அதைப் போட்டுக் காட்டச் சொல்லி ரசித்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் பெண்ணின் சகோதரன் கதவருகிலேயே கேட்டுவிட்டு, எங்கட வாப்பா போன வருசம் மௌத்து, இத உம்மாக்கிட்டச் சொல்லிராதீங்க என்று சொல்லி என்னை வாசலோடு அனுப்பினார்.

கோப்புகளைச் சுருக்குவதை நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது, இப்போதைய கமெராக்கள் முன்னையதைவிடப் பெரிய கோப்புகளைத் தருகின்றன. ஆனால் ஒவ்வொன்றையும் ஹெட்போன் போட்டு, தடம் தடமாக, தொடக்கம் முதல் முடிவு வரை கேட்ட பிறகுதான் மூலத்தை அழிக்கிறேன். நாலு மணித்தியாலக் கல்யாணத்துக்கு நாலு மணித்தியாலமும் போகிறது. வேறு வேலை செய்துகொண்டு கேட்பதில்லை.

ஐந்து மாதம் கழித்து மருமகன் போனில் அழைத்தார். மாமாவுக்கு ஒரு கருவி கிடைத்திருக்கிறது, கழுத்தில் வைத்தால் கதைக்கலாம், பழகிவிட்டார், வந்து எடுக்க முடியுமா என்று கேட்டார். அன்று பின்னேரமே போனேன்.

மகள் முற்றத்தில் நின்றாள். என் ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு, "இண்டைக்கு ரெண்டு மைக்கும் பதியுமா?" என்றாள்.

"ஓம் தங்கச்சி."

"போட்டுக் காட்டிட்டுத்தான் போகணும்."

"ஓம்."

கருவி, சவரம் செய்யும் மெஷின் அளவில் இருந்தது. வாப்பா அதைத் தாடைக்குக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்தினார். வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம் எழுந்து, அவர் வாயை அசைக்க அசைக்கச் சொல்லாக மாறியது. ஏற்ற இறக்கம் இல்லாத, இரும்புத் தகடு பேசுவது போன்ற குரல். வாய்க்கால் கட்டில் நின்று கூப்பிட்ட மனிதரின் குரலோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. மகள் கைகளைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள்.

"தம்பி, வெளிச்சம் உங்களுக்கு எதிர்ப் பக்கம் நிக்கி," என்றார் அவர் என்னிடம். "இஞ்சால வந்து எடுங்க."

கமெராவை மாற்றி வைத்தேன். சின்ன மைக்கை அவருடைய சட்டையில் குத்தினேன். மூன்று வயதுப் பேத்தி வாசற்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தாப்பாவின் பழைய குரல் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவர் எழுதுகிற மனிதர். கிட்ட வந்து அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் கருவியை வைத்து அவளுடைய பெயரைச் சொன்னார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க மூத்தாப்பா" என்றாள்.

சொன்னார். அவள் மறுபடியும் கேட்டாள். அந்த முற்றத்தில் நான் இருபது நிமிடத்துக்கு மேல் பதிந்தேன். பாதிக்கு மேல் அவளுடைய பெயர்தான். நடுவில் ஒரு தடவை மகள் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். முடிந்ததும் லப்டொப்பில் போட்டு, ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். முதல் தடத்தைக் கேட்டாள். இரண்டாவதையும் கேட்டாள். கழற்றி என்னிடம் தந்துவிட்டு, "வாப்பாட மூச்சும் கேக்குது" என்றாள்.